வெளியே ஆளா?

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. வந்து சேர்ந்துவிட்டேன். மூக்கு ஒழுகுவதைத் தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? குட்டி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா, இல்லை மாமா இல்லாத தைரியத்தில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறாளா?

பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிடாதே என்று நீ சொன்னது சரிதான். அங்கே நாம் இரண்டு வார்த்தை பேசினால் தெருவுக்கே நாலு வார்த்தையாகப் போய்ச் சேரும். அதனால் இனிமேல் கடிதம்தான். என் கையெழுத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதே.

வேலை கோல்டு ஸ்டோரேஜில். மீன், பட்டாணி, கறி எல்லாம் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும். லாரி வந்தால் வெளியே எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான். ஆனால் உள்ளே குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். பல் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறது. எனக்கு ஜோடி ஒரு பெரியவர். வெளியே வரும்போது அவர் மீசை வெள்ளையாக உறைந்து நிற்கும், அதனால் எல்லோருக்கும் அவர் மீசைதான்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வாங்கிய வாக்கு நினைவில் இருக்கிறது. தனி ஆளாக வேலை செய்யச் சொல்கிற இடத்தில் ஒரு நாள்கூட நிற்காதே என்றாய். இங்கே அந்தக் கவலையே வேண்டாம். ஒருத்தர் உள்ளே போனால் ஒருத்தர் கதவருகே நிற்க வேண்டும். கதவு கனமான கதவு, விட்டால் தானே சாத்திக்கொள்ளும். உள்ளிருந்து திறக்க ஒரு கம்பி இருக்கிறது, ஆனால் அதில் பாதி நாள் பனிக்கட்டி பிடித்திருக்கும். அதனால் கதவைச் சாத்துமுன் வெளியே இருப்பவர், "உள்ளே ஆளா?" என்று கத்த வேண்டும். உள்ளே யாராவது இருந்தால், "ஆள்தான்!" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் கதவைச் சாத்தக்கூடாது. போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். அது இங்கே சட்டம் மாதிரி.

அதென்ன "ஆள்தான்" என்று கேட்டேன். மீசை சொன்னார்: "பேய்க்கு வேற எல்லா வார்த்தையும் வரும்டா. 'ஆள்தான்'னு மட்டும் சொல்ல வராது." மனுஷன் நாள் பூராவும் இப்படித்தான் கதை விடுகிறார். நல்ல ஜோடி.

குட்டிக்கு என் முத்தம்.

உன் தம்பி


பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. கோழி கிளறின மாதிரி இருந்தாலும் படித்துவிட்டேன். நானும் குட்டியும் நலம். கண் எரிச்சல் அப்படியேதான். பனியனில் பிசிறு வெட்டுகிறவளுக்குக் கண் எரியாமல் வேறென்ன எரியும்? மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வருகிறது, வெட்டி வெட்டி அனுப்புகிறேன். உன் மூக்கை மட்டும் பார்த்துக்கொள். வெந்நீர் குடி.

மீசைக்காரர் பக்கத்தில் இருக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் அந்த வாக்கை விளையாட்டுக்கு வாங்கவில்லை, தெரியும்தானே. உன் அத்தான் சாயத் தொட்டிக்குள் இறங்கின அன்றைக்கு மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றுதான் அங்கேயும் சட்டம். மேலே நின்றவனை வேறு வேலை இருக்கிறது என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். உள்ளே மயங்கின மனுஷனை யாரும் கூப்பிடவும் இல்லை, அவர் பதில் சொல்லாததை யாரும் கவனிக்கவும் இல்லை. மூன்று வருஷம் ஆகிறது. நானும் எழுதக்கூடாது என்றுதான் நினைக்கிறேன், பேனா அங்கேயே போய் நிற்கிறது.

குட்டி கெட்டிக்காரியாகிவிட்டாள். அடுப்பை அணைக்கிற வேலை இன்னமும் அவளுடையதுதான். ஏன் நீயே அணைக்கக்கூடாதா என்று நீ கேட்டுக் கேட்டு ஓய்ந்தாய், இப்போது அவள் கேட்க ஆரம்பித்திருக்கிறாள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

கம்பளி நூல் மிச்சம் கிடைத்தது. உனக்கு ஒரு குல்லா பின்னி அனுப்பியிருக்கிறேன். காதை மூடிக் கட்டிக்கொள். அழகு பார்க்காதே, அங்கே உன்னை மாப்பிள்ளை பார்க்க யாரும் வரப்போவதில்லை.

நீ நல்லபடி இருந்தால் நாங்களும் நல்லபடி இருப்போம்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்கா,

நலமாகத்தான் இருக்கிறேன். அங்கே எல்லோரும் நலமா? கடிதம் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. லோடு அதிகம். குல்லா கச்சிதமாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஒரு சேதி. மீசையை வேறு கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். உடனே பதறாதே. அவர் இடத்துக்கு மறுநாளே ஆள் வந்துவிட்டது. நல்ல உயரம், கதவுக்குக் குனிந்துதான் வருவார். எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறோம். பேச்சு குறைவு. உள்ளே போகுமுன் கதவு நிலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். கேட்டால் பழக்கம் என்கிறார். நான் உள்ளே இருந்தால் கதவை விட்டு ஓர் அடி நகர மாட்டார். டீ குடிக்கக்கூடப் போக மாட்டார்.

அதனால் நீ நிம்மதியாகத் தூங்கு. வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். பிறகும் இரண்டு மூன்று தடவை எடுத்துப் படித்தேன்.

புது ஆள் வந்தது நல்லதுதான். நீ எப்போதும் எதையும் அரைகுறையாகத்தான் எழுதுவாய். அவரைப் பற்றி இன்னும் விவரமாக எழுது. எந்தக் கையால் சாப்பிடுகிறார்? உள்ளே போகும்போது ஏதாவது சொல்லிவிட்டுப் போவாரா? அக்காவுக்குப் பைத்தியம் என்று நினைக்காதே. உன் உயிரைக் காவல் காக்கிற மனுஷன் எப்படிப்பட்டவர் என்று நான் தெரிந்துகொள்ளக்கூடாதா?

அவருக்கும் ஒரு குல்லா அனுப்பியிருக்கிறேன். தலை பெரிதாக இருக்கும் என்று பெரிதாகவே பின்னினேன்.

மூட்டை முன்னைப்போல வருவதில்லை. கம்பெனியில் பிசிறு வெட்ட மெஷின் வாங்கிவிட்டார்களாம். வாரத்துக்கு ஒரு மூட்டை வந்தால் பெரிய விஷயம். கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 4

அன்புள்ள அக்கா,

நான் நலம். குட்டி வரைந்து அனுப்பிய படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டேன். அது யானையா நானா என்று மட்டும் கேட்டுச் சொல்.

மூட்டை குறைந்ததற்கு மனதை விடாதே. நான் இருக்கிறேன். இந்த வேலையை எப்படியும் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பெரிய குல்லாவைக் கொடுத்துவிட்டேன். நெட்டைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. கதவுக்கு வெளியே எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு ஆணி. என் குல்லா ஒன்றில், அது இன்னொன்றில். உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். இடது கையால்தான் சாப்பிடுகிறார், எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். உள்ளே போகும்போது சொல்வது இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. "அடுப்ப அணைச்சிடாத, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஐஸுக்குள் போகிற ஆள் அடுப்பைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்? எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

பதில் போடு. உன் கடிதம் வந்தால்தான் எனக்கு வாரம் ஓடுகிறது.

உன் தம்பி


ஜூன் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

எதிர்வீட்டு லாரிக்கார அண்ணன் எழுதுவது. திரும்பி வர இன்னும் பத்து நாள் ஆகும், அதுவரை நீ காத்திருக்க வேண்டாம் என்று வழியிலிருந்தே எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன், வீட்டிலும் சொல்லிவிடு.

நீ சொல்லி அனுப்பியபடி லோடு இறக்கும் சாக்கில் உன் தம்பி வேலை செய்யும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். பையன் இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டான், டீ வாங்கிக் கொடுத்தான்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே அவன் ஒருத்தன்தான். அவனுக்கு ஜோடி யாரும் இல்லை. வாட்ச்மேனைத் தனியாகக் கேட்டேன். மீசை என்றொருத்தர் இருந்தாராம், மார்ச் மாதம் ஆள் குறைப்பு என்று நிறுத்திவிட்டார்களாம். அதற்குப் பிறகு உயரமாகவோ குட்டையாகவோ ஒரு ஆளும் வரவில்லையாம்.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கதவுக்கு வெளியே இரண்டாவது ஆணியில் ஒரு பெரிய கம்பளிக் குல்லா தொங்கியது. நீ பின்னினது என்றான். யாரும் போடுவதில்லை, சும்மா மாட்டி வைத்திருக்கிறேன் என்று அவனே சொன்னான். வெளியே சட்டை நனைகிற புழுக்கம். அந்தக் குல்லாவைத் தொட்டால் பனி பிடித்திருந்தது தங்கச்சி. அப்போதுதான் யாரோ உள்ளேயிருந்து வந்து கழற்றி மாட்டினது போல. கையை உதறிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டேன்.

பையனைக் கூப்பிட்டுக்கொள்வது நல்லது.

லாரிக்கார அண்ணன்


ஜூன் 24

தம்பி,

நாங்கள் நலம். நீ நலமா என்று உன்னிடம் கேட்டு என்ன பிரயோசனம், நீதான் எதைக் கேட்டாலும் நலம் என்று எழுதுகிறவன் ஆயிற்றே.

லாரிக்கார அண்ணன் எழுதிவிட்டார். எனக்கு எல்லாம் தெரியும். நெட்டை என்றொரு ஆள் இல்லை. நீ மார்ச் மாதத்திலிருந்து தனியாகத்தான் அந்த ஐஸுக்குள் போய்வருகிறாய். என் கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்த வாக்கை என்ன செய்தாய்? அதையும் அட்டைப்பெட்டியில் போட்டு உள்ளே அடுக்கிவிட்டாயா? கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. நான் இன்னொரு தரம் அந்த மாதிரி ஒரு சேதியைக் கேட்க முடியாதுடா.

உடனே கிளம்பி வா. வேலை போனால் போகட்டும். இருக்கிறதைப் பங்கு வைத்துச் சாப்பிடுவோம்.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அடுப்பை அணைக்காதே, இதோ வந்துவிடுகிறேன் என்று நெட்டை சொல்வதாக எழுதினாயே. அந்த வார்த்தையை உனக்கு யார் சொன்னது?

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

உன் காலில் விழுந்து எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். ஆமாம், பொய்தான். மீசையை நிறுத்தின அன்றைக்கே நான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் வருஷம் முடியுமுன் கிளம்பினால், மாதாமாதம் பிடித்து வைத்த சம்பளம் கிடைக்காது. அப்புறம் அங்கே உனக்கும் மூட்டை வருவது குறைந்துவிட்டது. நான் வந்து நின்றால் அடுப்பு எப்படி எரியும்? ஒருத்தனே இரண்டு பேர் வேலையைச் செய்வான் என்று கான்ட்ராக்டர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாவது ஆள் வருவான் வருவான் என்கிறார்கள். சரி, வருகிறவரைக்கும் அக்கா தூங்கட்டுமே என்றுதான் ஒரு ஆளை உண்டாக்கி எழுதினேன். கற்பனை எனக்கு எங்கே வரும்? அத்தானையே நினைத்துக்கொண்டு உயரம், இரண்டு தட்டு, இடது கை எல்லாம் எழுதிவிட்டேன்.

அடுப்பு வார்த்தையை யாரும் சொல்லவில்லை அக்கா. எழுதும்போது தானாக வந்தது. ஏதோ வேடிக்கையாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவதை நம்பு. இதில் பொய் இல்லை.

தனியாக இருந்தாலும் பழக்கத்தை விடவில்லை. பெட்டி அடுக்கிவிட்டு வெளியே வந்ததும், கதவைச் சாத்துமுன், உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும், "உள்ளே ஆளா?" என்று கத்துவேன். அடுப்பு வார்த்தை எழுதின அந்தக் கடிதத்தை உனக்குப் போட்ட பிறகு ஒருநாள் உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஆள்தான்" என்று வரவில்லை. "இதோ வந்துடறேன்" என்றது.

ஃபேன் சத்தம் என்று நினைத்தேன். மறுபடி கத்தினேன். மறுபடி, "இதோ வந்துடறேன்." ரொம்ப உள்ளே, கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து.

பதில் வந்தால் கதவைச் சாத்தக்கூடாது, போய்க் கூட்டிவர வேண்டும் என்பதுதான் எங்களுக்குப் பழக்கம். கால் தானாகப் போய்விட்டது. வரிசை வரிசையாகத் தேடினேன். யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தால் கதவு பாதி சாத்தியிருக்கிறது. ஓடி வந்து தோளைக் கொடுத்துத் தப்பித்தேன். அன்றிலிருந்து கதவுக்கு அடியில் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். குளிர் வெளியே போகிறது என்று சூப்பர்வைசர் அதற்கும் கத்துகிறார்.

இப்போது தினமும் கேட்கிறது. தினமும் நானும் போய்த் தேடுகிறேன். நிஜமாகவே யாராவது இருந்து நான் சாத்திவிட்டால்? அதை நினைத்தால் விட்டுவிட்டு வர மனசு கேட்க மாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது அக்கா.

உன் தம்பி


ஜூலை 10

அன்புத் தம்பிக்கு,

உன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நெட்டையைப் பற்றி நீ எழுதின முதல் கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம்தான். குனிந்து வருகிறார், இரண்டு தட்டு தட்டுகிறார் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பொய் சொல்ல ஆள் கிடைக்காமல் பயல் அத்தானையே தூக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். கேள்வி கேட்டு மாட்டிவைக்கலாம் என்றுதான் உள்ளே போகும்போது என்ன சொல்வார் என்று எழுதினேன். நீ எழுதின பதிலைப் படித்த பிறகு எனக்குப் பேனாவைத் தொடவே முடியவில்லை.

அன்றைக்குக் காலையில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குட்டி பள்ளிக்கூடம் போய்விட்டாள். உலை கொதிக்கும்போது தொட்டி வேலைக்கு ஆள் வந்து கூப்பிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுப்ப அணைச்சிடாத, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் கடைசி. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. குட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அடுப்பு எரிந்து எரிந்து மண்ணெண்ணெய் தீர்ந்து தானே அவிந்தது. அதற்குப் பிறகு என் கையால் அடுப்பை அணைக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டாயே, இதுதான்.

அதனால் உள்ளே இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். அவர் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவர் இல்லை. கூப்பிட ஆள் இல்லாமல் போனவர், நீ கூப்பிடுகிறாய், பதில் சொல்கிறார். ஆனால் நீ அவரைத் தேடி உள்ளே போகாதே. போனால் உன்னையும் அங்கேயே வைத்துக்கொள்ளும் அந்த இடம். முதலில் கிளம்பி வருகிற வழியைப் பார். வருகிறவரைக்கும் நான் சொல்கிறதைச் செய். இந்தக் காகிதத்தின் பின்பக்கம் அவருக்கு எழுதியிருக்கிறேன். கதவருகே நின்று சத்தமாகப் படி. யாராவது பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அக்கா

(பின்பக்கம்)

என்னங்க,

நான்தான். குட்டி வளர்ந்துவிட்டாள், உங்கள் உயரம் வந்துவிடும் போலிருக்கிறது.

உள்ளே இருக்காதீர்கள். என் தம்பி விவரம் தெரியாமல் உங்களை உள்ளே போகிற ஆளாக எழுதிவிட்டான். உங்களை இன்னொரு தரம் உள்ளே அனுப்ப எனக்குச் சம்மதமில்லை. வெளியே வாருங்கள். உங்களுக்கு மேலே நிற்க அன்றைக்கு ஒருத்தரும் இல்லை. அவனுக்கும் இன்றைக்கு யாரும் இல்லை. நீங்கள் நில்லுங்கள். கதவுக்கு வெளியே நில்லுங்கள். குல்லா அங்கேதான் ஆணியில் இருக்கிறது.

அவன் கூப்பிட்டால் உங்கள் காதில் விழ வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், நீ எப்போதும் சொல்வதுதான். இடது கைச் சுண்டுவிரல் நுனி போய்விட்டது. மற்றபடி பூரா ஆளாக இருக்கிறேன். நீயும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்?

நீ எழுதியதைக் கதவருகே நின்று படித்தேன். அன்றிலிருந்து உள்ளே குரல் நின்றுவிட்டது. "உள்ளே ஆளா?" என்று கத்தினால் ஃபேன் சத்தம் மட்டும்தான். எல்லாம் முடிந்தது, இந்த மாதத்தை ஓட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தேன். நீ உடனே வா என்றுதான் எழுதினாய். கேட்டிருக்க வேண்டும்.

போன வாரம் டீ நேரத்தில் அவசர லோடு என்றார்கள். எல்லோரும் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்திருக்கிறார். கதவு திறந்து கிடக்கிறதே என்று மரத்துண்டைக் காலால் தள்ளிவிட்டுப் போய்விட்டார். ஒரு குரல் கொடுக்கவில்லை. கதவு சாத்தின சத்தம்தான் எனக்குக் கேட்டது.

கம்பியில் பனிக்கட்டி. கையால் அடித்தேன், பெட்டியால் அடித்தேன், அசையவில்லை. கத்தினேன். சுவர் அவ்வளவு தடிமன், யாருக்குக் கேட்கும்? கொஞ்ச நேரத்தில் விரல் இருப்பதே தெரியவில்லை. பிறகு குளிரும் தெரியவில்லை. தூக்கம் வந்தது அக்கா, அப்படி ஒரு சுகமான தூக்கம். கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தானுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், பயந்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன்.

அப்புறம் உன் முகம் வந்தது. பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது. வெளியிலிருந்து உள்ளே கேட்கிறதை நான் உள்ளிருந்து கேட்டேன். "வெளியே ஆளா?"

நிலையில் இரண்டு தட்டு.

"இதோ, வந்துட்டேன்."

என் காதுக்குப் பக்கத்தில், கதவுக்கு அந்தப் புறம். கதவு திறந்தது. நான் மல்லாக்க வெளியே விழுந்தேன். அங்கே யாரும் இல்லை. வாட்ச்மேன் கேட்டிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார், கதவு திறந்த சத்தம் கேட்டு வந்தேன் என்கிறார். நான் தவழ்ந்துபோய் அந்தப் பெரிய குல்லாவைத் தொட்டுப் பார்த்தேன். அதில் பனி இல்லை. இப்போதுதான் தலையிலிருந்து எடுத்தது போல வெதுவெது என்றிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என் கவனக்குறைவு என்று எழுதி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கேள்விப்பட்டு என்னைப் பார்க்க வந்த மீசை, பிடித்து வைத்த சம்பளத்துக்கு யாரையோ பிடித்துக் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார். என் துணிப்பெட்டியை எடுக்க நேற்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு அங்கே போய்வந்தேன். என் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. அவரும் தனிதான். இரண்டு குழந்தையின் தகப்பனாம். "எப்பங்க ரெண்டாவது ஆள் வருவாரு?" என்று என்னையே கேட்கிறார். நான் என்ன சொல்ல? "உள்ளே ஆளா?", "வெளியே ஆளா?" இரண்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

குல்லா இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். வரும்போது கொண்டு வரட்டுமா, விட்டுவிட்டு வரட்டுமா? கொண்டு வந்தால் அவர் நம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் தம்பி


ஆகஸ்ட் 25

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் விரலை நினைத்து அழுதேன், உன்னை நினைத்துச் சிரித்தேன். குட்டி என்ன என்று கேட்டதற்கு மாமா வருகிறான் என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை, ஒருத்தியைத்தான் எடுப்பார்களாம். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. இருந்தாலும் போகப்போகிறேன். நீ வந்து விரல் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்.

குல்லா விஷயம். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாள் பூராவும் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி இந்த வீட்டுக்குள் குனிந்து வருவதை மனதுக்குள் எத்தனை தடவை பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல முடியாது. எனக்கு வேண்டும்டா. யாருக்குத்தான் வேண்டாம்? முதலில் கொண்டு வா என்றுதான் எழுதினேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த மனுஷனுக்கு இரண்டு குழந்தை என்று எழுதியிருக்கிறாய். அவர் வீட்டிலும் ஒருத்தி உலை வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பாள்.

குல்லாவை எடுக்காதே. அந்த ஆணியிலேயே இருக்கட்டும். கான்ட்ராக்டருக்கு யோகம்தான், சம்பளம் கேட்காத ஆள் கிடைத்துவிட்டது. அது போகட்டும். நீ கிளம்புகிற அன்றைக்கு அங்கே ஒரு நிமிஷம் நின்று, அக்கா சொல்லச் சொன்னாள், அங்கேயே நிற்கச் சொன்னாள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வா. அவருக்குப் புரியும்.

வந்துட்டேன் என்று சொன்னாரே, அது எனக்குப் போதும். இன்றைக்கு உலை இறக்கினதும் குட்டி வழக்கம்போல ஓடி வந்தாள். இரு என்று சொல்லிவிட்டு அடுப்பை நானே அணைத்தேன்.

ஜாக்கிரதையாக வந்து சேர்.

அக்கா